தமிழ்நாட்டில் வங்கி கிளார்க், கேஷியர் வேலை: சம்பளம் எவ்வளவு? இனி ஆள் எடுப்பார்களா?

குற்றாலச்சாரல்:
எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை பி.காம். முடித்தவள், வயது 24. தென்காசியில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் கேஷ் கவுண்டரில் இருக்கிறாள். வங்கி நேரடியாக எடுத்த வேலை இல்லை, ஏஜென்சி மூலம் போனது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக ஐ.பி.பி.எஸ். (அரசு வங்கிகளுக்குப் பொதுத் தேர்வு நடத்தும் அமைப்பு), எஸ்.பி.ஐ. கிளார்க் தேர்வுக்குப் படிக்கட்டுமா என்று கேட்கிறாள். அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. "டீக்கடையிலேயே கூகுள் பே வந்தாச்சு, இனி கேஷியரை வைத்து வங்கி என்ன செய்யப் போகிறது" என்கிறார். அவர் சொல்வதையும் தட்ட முடியவில்லை. உள்ளே வேலை பார்ப்பவர்கள் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: உண்மையில் கைக்கு எவ்வளவு வரும்? பத்து வருடம் கழித்தும் இந்த வேலை இருக்குமா?

மூன்றாம்கவுண்டர்:
நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு அரசு வங்கிக் கிளையில் கிளார்க். சம்பளத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்கள்.

அரசு வங்கிகளில் கேஷியருக்கென்று தனியாக ஆள் எடுப்பதில்லை. கிளார்க்காகச் சேர்ந்தால் ஒரு நாள் கேஷ், ஒரு நாள் நகைக்கடன், ஒரு நாள் பாஸ்புக் என்று மாற்றி மாற்றி உட்கார வைப்பார்கள். இப்போது பதவிக்கு கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட் என்று பெயர். எஸ்.பி.ஐ.யில் ஜூனியர் அசோசியேட். எங்கே சேர்ந்தாலும் ஊதிய விகிதம் ஒன்றுதான். 2024 மார்ச் 8-ஆம் தேதி வங்கிகளும் ஊழியர் சங்கங்களும் கையெழுத்திட்ட 12-வது இருதரப்பு ஊதிய ஒப்பந்தப்படி, 2022 நவம்பர் 1 முதல் கணக்கிட்டு, அடிப்படைச் சம்பளம் 24,050-இல் தொடங்கி 64,480 வரை போகும்.

எஸ்.பி.ஐ. அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். பட்டதாரிக்கு இரண்டு ஊதிய உயர்வு சேர்த்து 26,730 என்று போட்டிருக்கும். அதில் 26.5 சதவீதம் ஸ்பெஷல் அலவன்ஸ், 7,083 ரூபாய். இந்த இரண்டுக்கும் சேர்த்து டி.ஏ., அதாவது அகவிலைப்படி உண்டு. 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 6,763. கூட்டினால் 40,576. வீட்டு வாடகைப்படியும் போக்குவரத்துப்படியும் இதற்கு மேல். பிடித்தம் என்று பார்த்தால் பெரியது என்.பி.எஸ். என்ற தேசிய ஓய்வூதியத் திட்டம்தான். அடிப்படையும் டி.ஏ.வும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம். அப்புறம் தொழில் வரி, சங்கச் சந்தா. எல்லாம் போக, புதிதாகச் சேர்ந்த பட்டதாரிக்கு 40 ஆயிரத்தை ஒட்டிக் கைக்கு வரும். யூடியூபில் சொல்லும் 55 ஆயிரம், 60 ஆயிரம் எல்லாம் தொடக்கத்தில் கிடையாது.

இன்னொன்று. மத்திய அரசு ஊழியருக்கு டி.ஏ. ஆண்டுக்கு இரண்டு முறை மாறும். வங்கியில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. விலைவாசிக் குறியீடு இறங்கினால் டி.ஏ.வும் இறங்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்த மாதம் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் ஓடி வருவார்கள்.

கொங்குப்பையன்:
சம்பளத்தைப் பற்றி எனக்கு வாதம் இல்லை. வேலை இருக்குமா என்பதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்: குறைகிறது. நான் திருப்பூர். எங்கள் தெருவில் ஒரே வங்கிக்கு இரண்டு கிளை இருந்தன. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பத்து அரசு வங்கிகளை நான்காக இணைத்தார்களே, அதற்குப் பிறகு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். இரண்டு கேஷ் கவுண்டர் இருந்த இடத்தில் இப்போது ஒன்று. வாசலில் பணம் போடவும் எடுக்கவும் ரீசைக்கிளர் மெஷின், பக்கத்தில் பாஸ்புக் பிரிண்டர். கிராமத்தில் வங்கியின் சார்பில் வரும் முகவர் கைரேகை வைத்துப் பணம் கொடுத்துவிடுகிறார். ஓய்வு பெறுகிறவர்களின் இடத்தை எல்லாம் நிரப்புவதில்லை. வங்கிகளில் அதிகாரிகளின் விகிதம் கூடி, கிளார்க் விகிதம் சுருங்கி வருவது பல வருடமாக நடப்பதுதான். 24 வயதில் ஒருவர் இதை நம்பி இறங்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

மூன்றாம்கவுண்டர்:
கொங்குப்பையன், திருப்பூரில் நீங்கள் பார்ப்பது உண்மைதான். என் கிளைக்கு மாதம் 15-ஆம் தேதியை ஒட்டி ஒரு நாள் வந்து நில்லுங்கள். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியதிலிருந்து 1,000 ரூபாய் ஏறிவிட்டதா என்று கேட்க மட்டும் எத்தனை பேர் வருகிறார்கள் தெரியுமா? போனில் எஸ்.எம்.எஸ். வந்திருக்கும், அவர்களால் படிக்க முடியாது. பாஸ்புக் மெஷினில் புத்தகத்தைத் தலைகீழாக விடுவார்கள். ஆதார் இணைப்பு அறுந்து பணம் வேறொரு பழைய கணக்குக்குப் போயிருக்கும். இதையெல்லாம் எந்த மெஷினும் பார்த்துச் சொல்லாது, கவுண்டரில் ஒரு ஆள் உட்கார்ந்துதான் தீர்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய வேலை நகைக்கடன். தமிழ்நாட்டுக் கிளைகளில் பாதி நாள் இதிலேயே போகும். ஆனி, ஆடியில் பள்ளிக் கட்டணம், விதைப்பு என்று அடகு வைக்க வருவார்கள். மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து எடை போட்டதும், பையில் போட்டு முத்திரை வைத்து, கணக்கு திறந்து, பணம் கொடுத்து அனுப்புவது வரை எங்கள் கையில்தான். அறுவடை முடிந்ததும் அதே ஆட்கள் மீட்க வருவார்கள். நோட்டு எண்ணும் வேலை குறைந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதை வைத்து கிளார்க் வேலையே போய்விடும் என்று சொன்னால் எங்கள் கிளையில் யாரும் நம்ப மாட்டார்கள்.

பழையகாசாளர்:
நான் ஹெட் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவன். வங்கிப் பணித் தேர்வு வாரியம் இருந்த காலத்தில் தேர்வும் நேர்முகமும் முடித்து உள்ளே வந்தேன். அப்போது கவுண்டரில் பித்தளை டோக்கன் கொடுப்போம். காசோலை பேரேட்டுக்குப் போய், அதிகாரி கையெழுத்தாகி, கேஷுக்கு வருவதற்குள் வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் பெஞ்சில் இருப்பார். கம்ப்யூட்டர் வந்தபோது இனி கிளார்க்கே தேவையில்லை என்றார்கள். 2000-2001 விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஏராளமானோர் வெளியே போனார்கள். பல வருடம் புது ஆள் எடுப்பே அரிதாக இருந்தது. பிறகு 2011-இல் ஐ.பி.பி.எஸ். பொதுத் தேர்வு வந்து மறுபடி கூட்டம் கூட்டமாக எடுத்தார்கள். ஆள் எடுப்பு இப்படி ஏறி இறங்கும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் போதும்.

குற்றாலச்சாரல், உங்கள் தங்கைக்கு நான் சொல்ல நினைப்பது கேஷில் உள்ள பொறுப்பைப் பற்றி. சம்பளத்தைக் கேட்கிறவர்கள் இதைக் கேட்பதில்லை. மாலையில் கணக்கு முடிக்கும்போது பணம் குறைந்தால் கேஷியர் தன் கையிலிருந்து போட வேண்டும். கூடினால் அது வங்கியின் தனிக் கணக்குக்குப் போகும், கேஷியருக்கு இல்லை. 500 ரூபாய் கட்டில் ஒரு தாள் குறைவாக வாங்கிவிட்டால் அன்றைய சம்பளத்தில் ஒரு பெரிய பங்கு போயிற்று. அதனால் மெஷின் எண்ணினாலும் கட்டை ஒருமுறை விரித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். நோட்டின் அளவு ஓரத்தில் மாறுகிறதா, நடுவில் 200 ரூபாய் நுழைந்திருக்கிறதா என்று கட்டைவிரல் சொல்லிவிடும். எதிரே நிற்பவர் பேசிக்கொண்டே இருந்தால், எண்ணி முடிக்கும்வரை பதில் சொல்லாதே என்று புதிதாக வருகிற பிள்ளைகளிடம் சொல்வேன்.

கள்ள நோட்டு வந்தால் திருப்பிக் கொடுக்கக் கூடாது. வாடிக்கையாளர் எதிரிலேயே முத்திரை குத்தி, பதிவேட்டில் எழுதி, அவருக்கு ஒப்புகைச் சீட்டு கொடுக்க வேண்டும். ஒரே பரிவர்த்தனையில் நான்கு வரை என்றால் மாத அறிக்கையில் சேர்த்துக் காவல்துறைக்குப் போகும். ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் உடனே எஃப்.ஐ.ஆர். தெரிந்த கடைக்காரர்தானே என்று இரக்கப்பட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தால் அது வங்கிக்குத் தெரிந்தே புழக்கத்தில் விட்டதாக ஆகும். இந்த இடத்தில் பலர் தடுமாறுவார்கள்.

கொங்குப்பையன்:
பழையகாசாளர் ஐயா, குறைந்த பணத்தைக் கையிலிருந்து போட வேண்டும் என்பது எனக்கே புதுச் செய்தி. நன்றி. 2016 நவம்பரில் செல்லாத நோட்டு மாற்றிய நாட்களில் கவுண்டரில் இருந்தவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும்?

பழையகாசாளர்:
அந்த ஐம்பது நாளும் மதியச் சாப்பாடு நான்கு மணிக்குத்தான். பணம் குறைந்து கையிலிருந்து போட்டவர்கள் நிறையப் பேர். சில கிளைகளில் மற்ற ஊழியர்கள் சேர்ந்து பகிர்ந்துகொண்டார்கள். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

வைகைக்கரை:
நான் முன்பு மதுரையில் தனியார் வங்கி ஒன்றில் டெல்லராக, அதாவது பணக் கவுண்டரில் இருந்தேன். இப்போது தமிழ்நாடு கிராம வங்கியில் ஆபீஸ் அசிஸ்டென்ட், அங்கே கிளார்க்குக்கு அதுதான் பெயர். இரண்டையும் பார்த்ததால் சொல்கிறேன்.

தனியாரில் ஆஃபர் கடிதத்தில் இருக்கும் சி.டி.சி.யை, அதாவது ஆண்டுக்கு உங்களுக்காக வங்கி செலவிடும் மொத்தத் தொகையை 12-ஆல் வகுத்து அதுதான் சம்பளம் என்று நினைக்காதீர்கள். வங்கி கட்டும் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி, காப்பீட்டு பிரீமியம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். வேரியபிள் பே என்று ஒன்று இருக்கும், அது இலக்கை எட்டினால்தான். எனக்குப் பணம் எண்ணுவது சிரமமாகவே இல்லை. பணம் கட்ட வருகிறவரிடம் இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டு பேச வேண்டும் என்பதுதான் தினமும் கழுத்தை நெரித்தது. தன் ஓய்வூதியப் பணத்தைப் போட வந்த பெரியவரிடம் ஐந்து வருடம் கட்டும் பாலிசியை எப்படி மனசாட்சியோடு பேசுவது? அரசு வங்கியிலும் இப்போது இந்த இலக்குகள் வந்துவிட்டன, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இலக்கை எட்டவில்லை என்பதற்காக கிளார்க்கை அடுத்த மாதம் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

எல்லாத் தனியாரும் ஒன்றில்லை. கும்பகோணத்து சிட்டி யூனியன், கரூர் வைஸ்யா, தூத்துக்குடி மெர்க்கண்டைல் இவை மூன்றும் நூறு வருடம் கடந்த நம்ம ஊர் வங்கிகள். ஆள் எடுப்பை அவரவர் இணையதளத்தில்தான் போடுவார்கள், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் தங்கையைப் போல ஏஜென்சி வழியாக இருப்பவர்களுக்கு வங்கி ஊழியர் என்ற தகுதியே கிடையாது. அதை மட்டும் அவளுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

கிராம வங்கியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பல்லவன், பாண்டியன் என்ற இரண்டு கிராம வங்கிகளும் இணைந்து 2019 ஏப்ரல் 1 முதல் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரே வங்கி. சம்பளம் அரசு வங்கிக்கு இணையானது. இதற்கும் ஐ.பி.பி.எஸ்.தான் தேர்வு நடத்துகிறது, 18 வயதிலேயே எழுதலாம். கிளைகள் பெரும்பாலும் கிராமத்தில். பேருந்து காலை ஒன்று, மாலை ஒன்று என்ற ஊரில் போட்டால் முகம் சுளிக்கக் கூடாது.

டெல்டாக்காரர்:
கூட்டுறவு வங்கியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளில் உதவியாளர் பதவிக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் தேர்வு வைக்கும். கூட்டுறவுப் பயிற்சி முடித்த சான்று வேண்டும். ஊதிய விகிதம் வேறு, வணிக வங்கி அளவுக்கு வராது. ஆனால் சொந்த மாவட்டத்திலேயே இருக்கலாம். பயிர்க்கடனும் நகைக்கடனும்தான் முக்கிய வேலை, அரசு தள்ளுபடி அறிவித்தால் அந்த ஆறு மாதம் ஞாயிறு கிடையாது.

குற்றாலச்சாரல்:
இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. தங்கையும் படித்தாள். அவளுடைய கேள்விகள்: தேர்வைத் தமிழில் எழுதலாமா? தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம் வரும்? வேலையை விடாமல் படிக்க முடியுமா? அம்மாவின் கேள்வி ஒன்று: வெளிமாநிலத்துக்கு மாற்றிவிடுவார்களா?

மூன்றாம்கவுண்டர்:
அம்மாவின் கேள்விக்கு முதலில். கிளார்க்கை வெளிமாநிலத்துக்கு மாற்ற மாட்டார்கள். விண்ணப்பமே ஒரு மாநிலத்துக்குத்தான் போட முடியும். ஆனால் தென்காசிப் பெண்ணைக் கிருஷ்ணகிரியில் போடலாம், அதுவும் நடக்கும். முதல் சில வருடம் வெளியூரில் அறை எடுத்துத் தங்க மனதளவில் தயாராக இருக்கட்டும். பிறகு இடமாறுதல் கேட்டு வரிசையில் நின்றுதான் வர வேண்டும்.

தமிழில் எழுதலாம். கிளார்க் தேர்வின் முதல்நிலை, முதன்மை இரண்டையும் வட்டார மொழிகளில் நடத்த 2021-இல் நிதி அமைச்சகம் முடிவெடுத்தது. ஆங்கிலப் பகுதி மட்டும் ஆங்கிலத்தில்தான். முதல்நிலையில் 100 கேள்வி: ஆங்கிலம் 30, கணக்கு 35, ரீசனிங் 35. ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். நேர்முகத் தேர்வு கிடையாது. உள்ளூர் மொழித் தேர்வு உண்டு. எஸ்.பி.ஐ.யில் பத்தாவதிலோ பன்னிரண்டிலோ தமிழ் படித்த சான்று இருந்தால் அதுவும் வேண்டாம்.

இடங்கள்: ஐ.பி.பி.எஸ். 2025-இல் வெளியிட்ட முதல் அறிவிப்பில் 11 அரசு வங்கிகளுக்கும் சேர்த்து நாடு முழுக்க 10,277, அதில் தமிழ்நாட்டுக்கு 894. அதே வருடம் எஸ்.பி.ஐ.யில் தமிழ்நாட்டுக்கு 380. எழுதுகிறவர்களோ லட்சக்கணக்கில். கொங்குப்பையன் சொன்ன சுருக்கம் கவுண்டரில் தெரிவதைவிட இந்தப் போட்டியில்தான் தெரியும். ஒரு வருடம் கூடும், மறு வருடம் குறையும்.

வேலையை விட வேண்டாம் என்பதே என் கருத்து. வயது வரம்பு 28, ஓ.பி.சி.க்கு 31, எஸ்.சி., எஸ்.டி.க்கு 33. அவளுக்குக் காலம் இருக்கிறது. காலையில் கணக்குக்கு ஒரு மணி நேரம், இரவில் மாதிரித் தேர்வு ஒன்று. தமிழ்வழியில் படித்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பத்திரிகையைச் சத்தமாக வாசித்தாலே பத்தி வாசித்து விடையளிக்கும் கேள்விகள் பழகிவிடும். முதல்நிலை தாண்டிவிட்டால் முதன்மைத் தேர்வுக்கு முன்பு ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பு கேட்கலாம்.

வைகைக்கரை:
விடுப்பு கொடுக்கவில்லை என்றால் அப்போது விடலாம். முதல்நிலை எழுதுவதற்கு முன்பே விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால், இரண்டாவது முறை தோற்றதும் வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கும். என்னோடு படித்த பெண்களில் நன்றாக எழுதக்கூடிய சிலர் அப்படித்தான் நின்றுபோனார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கையில் சம்பளம் இருக்கும்வரை அவள் பேச்சுக்கு வீட்டில் மதிப்பு இருக்கும்.

கொங்குப்பையன்:
அப்ரென்டிஸ் அறிவிப்பு பார்த்தேன். இந்தியன் வங்கியில் மெட்ரோ, நகரக் கிளைக்கு மாதம் 15,000, சிறுநகர, கிராமக் கிளைக்கு 12,000 போட்டிருந்தார்கள். அது உள்ளே நுழைய வழியாகுமா?

மூன்றாம்கவுண்டர்:
ஆகாது. ஒரு வருடப் பயிற்சி, முடிந்ததும் சான்றிதழ். வேலைக்கு உத்தரவாதம் இல்லை என்று அறிவிப்பிலேயே இருக்கும். கல்லூரி முடித்துச் சும்மா இருப்பவருக்கு நல்ல அனுபவம். ஏற்கெனவே கவுண்டரில் இருக்கும் குற்றாலச்சாரலின் தங்கைக்குத் தேவையில்லை.

சேர்ந்தபின் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். வங்கி ஊழியர்களுக்கான ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. தகுதித் தேர்வுகளை முதல் சில வருடத்திலேயே முடித்துவிட்டால் ஊதிய உயர்வு கூடுதலாகக் கிடைக்கும், அதிகாரியாவதற்கும் உதவும். அதிகாரியின் தொடக்க அடிப்படை 48,480. ஆனால் அதிகாரியானால் நாடு முழுக்க எங்கும் போட்டுவிடலாம். அதனால் எங்கள் கிளையில் இரண்டு பேர் பதவி உயர்வு வேண்டாம் என்றே இருக்கிறார்கள். ஒருவருக்கு வீட்டில் படுக்கையில் மாமியார், இன்னொருவருக்குப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு. கிளார்க்காகவே இருந்தாலும் உச்ச அடிப்படை 64,480, அதற்கு மேல் டி.ஏ. எல்லாம் உண்டு. ஓய்வூதியம் மட்டும் பழைய மாதிரி இல்லை. 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு என்.பி.எஸ்.தான். வங்கி 14 சதவீதம் போடுகிறது.

பழையகாசாளர்:
சான்றிதழ் விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று வைத்திருக்கும் சாதிச் சான்றிதழ் இந்தத் தேர்வுகளுக்குச் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவினர் அல்லர் என்ற வாசகத்தோடு ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியிருக்க வேண்டும் என்று அறிவிப்பில் இருக்கும். பழைய சான்றிதழோடு போய், தேர்வில் தேறியும் சரிபார்ப்பில் வெளியே நின்று அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பட்டச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

குற்றாலச்சாரல்:
ஐயா, நல்லவேளை சொன்னீர்கள். அவளிடம் இருப்பது பி.சி. சான்றிதழ்தான், கல்லூரிக்கு வாங்கியது. ஆதாரில் முன்னெழுத்து பின்னால் வருகிறது, பட்டத்தில் முன்னால். இரண்டுக்கும் திங்கட்கிழமை இ-சேவை மையத்துக்குப் போகிறோம். வேலையை விடவில்லை. சம்பளக் கணக்கு எழுதிய பதிவை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ஏஜென்சி கொடுப்பதையும் அதையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தார். அப்புறம், மாதிரித் தேர்வுக்குப் பணம் கட்டச் சொல்லி அவர்தான் கொடுத்தார்.

மூன்றாம்கவுண்டர்:
நல்லது. பெயர் திருத்தம் முடிந்தபின் விண்ணப்பத்தில் எந்தச் சான்றிதழில் உள்ளபடி பெயர் போடுவது என்று குழப்பம் வந்தால் இங்கேயே கேளுங்கள். சமர்ப்பித்துவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு.